கப்பலை முறிக்கும் குமிழி

வீட்டில் வெந்நீர் வைக்கும் தாய்மார்கள் அனைவரும் அறிந்த செய்தி ஒன்று உண்டு. அடுப்பில் ஏற்றிய பாத்திரத்து நீர், கொதிப்பதற்குச் சற்று முன்பு இரையத் தொடங்கும். முழுக்கொதி வந்த பிறகோ அந்த இரைச்சல் தணிந்து, தளதளவென்ற மெல்லிய ஓசையாக மாறிவிடும். முன்னே கேட்ட இரைச்சல் எதனால் உண்டாயிற்று? பாத்திரத்தின் அடியில், சூடு மிகுந்த இடத்தில், நீராவிக் குமிழிகள் தோன்றி மேலெழுகின்றன. மேலே உள்ள நீர் இன்னும் போதிய சூடு பெறவில்லை. அதைத் தொட்டதும் குமிழிக்குள் இருக்கும் ஆவி குளிர்ந்து நீராகிவிடுகிறது. சுற்றியுள்ள நீர் அந்த வெற்றிடத்தை நோக்கி நாற்புறமிருந்தும் பாய்ந்து மோதுகிறது. அந்த மோதலின் ஓசையே நம் காதில் விழுவது. நம் பெங்களூர் கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே நீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. சென்னையில் 100 டிகிரி வேண்டும். குமிழியின் குணம் மட்டும் இரண்டு ஊர்களிலும் ஒன்றுதான்.

மிளகளவுக் குமிழி நசுங்குவதே இவ்வளவு இரைச்சல் தருமானால், பன்னிரண்டு மீட்டர் அகலமுள்ள குமிழி ஒன்று கடலுக்கடியில் நசுங்கினால் என்ன ஆகும்? மேலே மிதக்கும் போர்க்கப்பலின் முதுகு முறியும். அந்தக் குமிழியைப் பற்றியும், அதைக் கணக்கில் பிடிக்க அறிஞர்கள் படும் பாட்டைப் பற்றியுமே இங்கே சொல்லப் போகிறேன். கடலே இல்லாத ஊரில் இருந்துகொண்டு கடல் வெடியைப் பற்றிய பேச்சு எதற்கு என்று அன்பர்கள் கேட்கக்கூடும். நம்மவர் பிள்ளைகள் கப்பற்படையில் சேர்கிறார்கள். நம்மவரில் பலர் வேலை பார்த்த, இன்றும் பார்க்கிற பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலையில்தான் இந்தியப் போர்க்கப்பல்களுக்கு நீருக்கடியில் கேட்கும் காதாக விளங்கும் சோனார் கருவிகள் செய்யப்படுகின்றன. 1971-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இரவு, ஐ.என்.எஸ். குக்ரி என்ற நம் கப்பல் டியூ கடற்கரைக்கு அப்பால் பாகிஸ்தான் நீர்மூழ்கி எய்த டார்பிடோவுக்கு இரையாயிற்று. 18 அதிகாரிகளும் 176 மாலுமிகளும் மாண்டார்கள். தலைவர் மகேந்திரநாத் முல்லா கப்பலைவிட்டு அகலாமல் அதனோடு மூழ்கினார். நீருக்கடியில் நடக்கும் வெடிப்பு எத்தனை வீடுகளை எட்டும் என்பதை அன்று நாடு முழுவதும் கண்டது.

வெடிகுண்டு என்றால் அது கப்பலில் ஓட்டை போடும், ஓட்டை வழியே நீர் புகும், கப்பல் மூழ்கும் என்றே நம்மில் பெரும்பாலோர் எண்ணியிருக்கிறோம். கப்பலைத் தொட்டு வெடிக்கும் குண்டுக்கு அது சரி. தொடாமல், கப்பலின் அடியில் சில மீட்டர் ஆழத்தில் வெடிக்கும் குண்டு வேறு வகையானது. இரண்டாம் உலகப் போரின் தொடக்கத்தில் ஜெர்மானியர் கடலடியில் காந்தக் கண்ணிவெடிகளைப் போட்டார்கள். மேலே இரும்புக் கப்பல் வரும்போது காந்தப் புலம் மாறுவதை உணர்ந்து அவை தாமே வெடித்தன. 1939-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் ஸ்காட்லாந்தின் போர்த் கழிமுகத்தில் 'பெல்பாஸ்ட்' என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பல் அத்தகைய வெடி ஒன்றின் மேல் சென்றது. வெளித்தகடுகளில் ஏற்பட்ட சேதம் அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. ஆனால் கப்பலின் முதுகெலும்பு போன்ற அடிச்சட்டம் வளைந்து, உள்ளிருந்த யந்திரங்கள் நொறுங்கிப் போயிருந்தன. கப்பலைப் பழுதுபார்த்து மீண்டும் கடலுக்கு அனுப்ப 1942 நவம்பர் வரையில், அதாவது மூன்று ஆண்டுகள், பிடித்தன. இன்றும் லண்டனுக்குச் செல்வோர் தேம்ஸ் நதியில் காட்சிச்சாலையாக நிற்கும் அந்தக் கப்பலைக் காணலாம்.

தொடாத வெடி எப்படி வளைத்தது? வெடிமருந்து வெடித்தவுடன் அது முழுவதும் வாயுவாகிறது. அந்த வாயுவின் வெப்பம் ஏறக்குறைய 3,000 டிகிரி. அழுத்தம் நம்மைச் சுற்றியுள்ள காற்றின் அழுத்தத்தைப் போல 50,000 மடங்கு. இதனால் முதலில் பிறப்பது அதிர்ச்சி அலை. அது நீரில் வினாடிக்கு 1,500 மீட்டருக்கும் மேலான வேகத்தில் பாய்ந்து, கண் இமைப்பதற்குள் கப்பலை அறைந்துவிட்டுப் போய்விடும். நெடுங்காலம் வெடியின் வேலை அத்துடன் முடிந்தது என்றே கருதியிருந்தார்கள். வெடிமருந்தின் ஆற்றலில் ஏறக்குறைய பாதிதான் அந்த அலையோடு செல்கிறது. மறுபாதி, வாயு உருண்டைக்குள் அடைபட்டு அங்கேயே நிற்கிறது.

அந்த உருண்டை விரிகிறது. சுற்றியுள்ள நீரை எல்லாப் பக்கமும் தள்ளுகிறது. ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். ஆட்டிவிட்ட ஊஞ்சல் நடுவிடத்துக்கு வந்ததும் நின்றுவிடுவதில்லை; வந்த வேகத்தில் மறுபக்கம் வெகுதூரம் போய்விடுகிறது. நகரத் தொடங்கிய நீரும் அப்படித்தான். உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தம் வெளியே உள்ள கடலின் அழுத்தத்துக்குச் சமமான பிறகும் நீர் வெளிநோக்கி ஓடிக்கொண்டே இருக்கிறது; குமிழி அளவுக்கு மீறிப் பருத்துவிடுகிறது. இப்போது உள்ளே அழுத்தம் குறைவு, வெளியே மிகுதி. ஆகவே நீர் திரும்பி உள்நோக்கிப் பாய்ந்து குமிழியை நசுக்குகிறது. நசுங்கிய வாயு மறுபடியும் வெடிப்பதுபோல் விரிந்து புதிய அழுத்த அலை ஒன்றை அனுப்புகிறது. இப்படிச் சில முறை விரிந்தும் சுருங்கியும், ஒவ்வொரு முறையும் வலிமை குன்றியும், மேலெழுந்துகொண்டே போகிறது அந்தக் குமிழி.

இதற்கு அனுபவத்தில் கண்ட வாய்பாடு ஒன்று உண்டு. 250 கிலோ டி.என்.டி. 30 மீட்டர் ஆழத்தில் வெடித்தால், குமிழியின் ஆரம் அதிகப்படியாக ஆறு மீட்டருக்குச் சற்று மேலே போகும். ஒருமுறை விரிந்து சுருங்க 0.6 வினாடி ஆகும். இந்த 0.6 வினாடியில்தான் அபாயம் இருக்கிறது. நூறு மீட்டர் நீளமுள்ள போர்க்கப்பலைப் பெரிய எஃகு வில் என்று கொண்டால், அதைத் தட்டிவிட்டால் மேலும் கீழுமாக ஆடும் காலமும் ஏறக்குறைய அரை வினாடி அளவினதே. ஊஞ்சலில் இருக்கும் குழந்தையை அது வரும் நேரம் பார்த்துத் தள்ளினால் சிறு கையாலும் உயரே ஏற்றிவிடலாம் அல்லவா? குமிழியும் கப்பலை அப்படியே தள்ளுகிறது. விரியும்போது கப்பலின் நடுப்பகுதியைத் தூக்குகிறது; சுருங்கும்போது நடுப்பகுதியின் அடியிலிருந்த தாங்கலைப் பறிக்கிறது. முன்முனையும் பின்முனையும் சவுக்குப்போல வீசி ஆட, நடுவில் அடிச்சட்டம் முறிகிறது. முதல் அறையைத் தாங்கிய கப்பல் இரண்டாவது தள்ளலில் விழுந்துவிடும்.

மூன்றாவது அடியும் ஒன்று உண்டு. அறிவியலார் கவனத்தை மிகுதியாக ஈர்த்ததும் அதுவே. நடுக்கடலில் தனித்திருக்கும் குமிழி எல்லாப் பக்கமும் ஒரே சீராகச் சுருங்கும். பக்கத்தில் கப்பலின் அடித்தகடு இருந்தால் அப்படிச் சுருங்க முடியாது. தகட்டின் பக்கமிருந்து நீர் தாராளமாக ஓடிவர வழியில்லை. எதிர்ப்பக்கமிருந்து வரும் நீருக்குத் தடையில்லை. ஆகவே எதிர்ப்பக்கத்து நீர் முந்திக்கொண்டு, குமிழியின் முதுகை உள்ளே குத்திக்கொண்டு, நடுவே துளைத்து, தகட்டை நோக்கிக் கூரிய தாரையாகப் பாய்கிறது. குமிழியே தகட்டை நோக்கி நகர்ந்து ஒட்டிக்கொள்ளவும் பார்க்கிறது. சிறு குமிழி ஒன்று சுவரருகே நசுங்குவதை அமெரிக்காவில் பிளெஸ்ஸெட், சாப்மன் ஆகிய இருவரும் 1971-ஆம் ஆண்டு கணிப்பொறியில் கணக்கிட்டார்கள். தாரையின் வேகம் வினாடிக்கு 130 முதல் 170 மீட்டர் வரையில் வந்தது. மெயில் ரயிலின் வேகத்தைப் போல நான்கைந்து மடங்கு!

இங்கே சற்று நின்று, இந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று பார்க்கலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கப்பல்களின் வேகம் கூடக் கூட, அவற்றின் சுழல்விசிறிகள் பூச்சி அரித்ததுபோல் குழிகுழியாகத் தேய்ந்துபோயின. விசிறியைச் சுற்றித் தோன்றி நசுங்கும் சிறு குமிழிகளே காரணம் என்று ஐயம் எழுந்தது. நோபெல் பரிசு பெற்ற ராலே பிரபு 1917-ஆம் ஆண்டில் ஒரே ஒரு சமன்பாட்டின் துணைகொண்டு, உருண்டையான வெற்றிடம் நீரில் எவ்வளவு நேரத்தில் மூடும், அப்போது எவ்வளவு அழுத்தம் பிறக்கும் என்று காட்டினார். அவர் கணக்குப்படி ஒரு சென்டிமீட்டர் ஆரமுள்ள வெற்றிடம் ஒரு வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைந்த நேரத்தில் மூடிவிடும். இளமையில் ராலேயின் நூல்களை விரும்பிப் பயின்ற தமிழர் சர் சி. வி. ராமன், 1933-ஆம் ஆண்டு நம் ஊர் இந்திய விஞ்ஞானக் கழகத்துக்கு இயக்குநராக வந்தார் என்பதையும் இடையே சொல்லி வைக்கிறேன். இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனில் ஜி. ஐ. டெய்லரும் அமெரிக்காவில் கான்யர்ஸ் ஹெர்ரிங்கும் ராலேயின் வழியை வெடிக்குமிழிக்குப் பொருத்தி, காகிதமும் பென்சிலுமாகக் கணக்குப் போட்டார்கள்.

காகிதக் கணக்கு எங்கே கைவிடும் என்பதற்கு அண்மைக் காலத்து நிகழ்ச்சி ஒன்றைக் காட்டலாம். 2010-ஆம் ஆண்டு மார்ச் 26-ஆம் நாள் இரவு, தென்கொரியாவின் 'சியோனான்' என்ற போர்க்கப்பல் மஞ்சள் கடலில் இரண்டாக முறிந்து மூழ்கிற்று. இருந்த 104 பேரில் 46 பேர் மாண்டனர். கப்பலை மேலே தூக்கி எடுத்து, ஐந்து நாட்டு நிபுணர்கள் அடங்கிய குழு ஆராய்ந்தது. முறிந்த இடத்தில் அடித்தகடுகள் மேல்நோக்கி வளைந்திருந்தன; மின்கம்பிகளின் உறையில் தீப்பட்ட அடையாளம் இல்லை. 1.1 வினாடி இடைவெளியில் இரண்டு ஒலித்துடிப்புகள் கருவிகளில் பதிவாகியிருந்தன. முதலாவது வெடி, இரண்டாவது குமிழியின் மறுவிரிவு என்று குழு கொண்டது. 250 கிலோ வெடிமருந்து கொண்ட டார்பிடோ ஒன்று ஆறு முதல் ஒன்பது மீட்டர் ஆழத்தில் தொடாமல் வெடித்து, அதிர்ச்சி அலையாலும் குமிழியாலும் கப்பலை முறித்தது என்பது அதன் முடிவு. வடகொரியா தனக்கு இதில் பங்கில்லை என்று மறுத்தது. அறிஞர் சிலரும் குழுவின் முடிவில் ஐயம் எழுப்பினர்.

அந்தப் பழைய வாய்பாட்டில் 250 கிலோவையும் எட்டு மீட்டர் ஆழத்தையும் இட்டுப் பார்த்தேன். 1.2 வினாடி வருகிறது. 1.1 எங்கே, 1.2 எங்கே, எவ்வளவு நெருக்கம் என்று மகிழ்ந்துவிடக் கூடாது. அதே வாய்பாடு குமிழியின் ஆரமும் எட்டு மீட்டர் என்கிறது. எட்டு மீட்டர் ஆழத்தில் எட்டு மீட்டர் ஆரமுள்ள உருண்டை இருக்க இடம் ஏது? கடல்மட்டம் ஒருபுறம், கப்பல் ஒருபுறம் என்று இரண்டும் குறுக்கே நிற்கின்றன. கடல்மட்டம் குமிழியைக் கீழே தள்ளப் பார்க்கும். கப்பல் தன்பால் இழுக்கும். குமிழியின் மிதப்பு அதை மேலே கொண்டுபோகும். மூன்று விசைகளின் இழுபறியில் எது வெல்லும் என்பதை எந்த வாய்பாடும் சொல்லாது. நாற்பத்தாறு பேரின் சாவுக்கு யார் பொறுப்பு என்ற வழக்கே இப்படிப்பட்ட கணக்கைச் சார்ந்து நிற்கும்போது, அதைக் கட்டம் கட்டமாகப் போட்டுப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கட்டம் கட்டமாக என்றால் என்ன? இரண்டு வழிகள் உள்ளன. முதல் வழியில் நீரை முழுவதும் கணக்கிடுவதில்லை. குமிழியின் தோலையும் கப்பலின் தோலையும் மட்டும் சிறு சிறு முக்கோணங்களாகப் பிரித்து, அவை ஒவ்வொரு நொடித்துளியிலும் எங்கே நகர்கின்றன என்று பார்க்கிறார்கள். சிக்கனமான வழி. ஆனால் தாரை பாய்ந்து குமிழியைத் துளைத்துவிட்டால், உருண்டையாக இருந்த குமிழி மெதுவடை போல நடுவில் ஓட்டையுடைய வளையமாகிவிடும். உருண்டைக்கென்று எழுதிய கணக்கு அந்த இடத்தில் அப்படியே நின்றுவிடும். தோலை வெட்டி ஒட்டி வடையாக்கிய பிறகே மேலே செல்ல இயலும். அதற்கென்று தனி உபாயங்கள் கண்டிருக்கிறார்கள்.

இரண்டாவது வழியில் நீர், வாயு, எஃகு எல்லாவற்றையுமே சிறு கட்டங்களாகப் பிரிக்கிறார்கள். வடையானாலும் நுரையானாலும் இந்தக் கணக்கு நிற்பதில்லை. விலைதான் அதிகம். பக்கம் 50 மீட்டர் உள்ள கடற்பகுதியைப் பத்து சென்டிமீட்டர் கட்டங்களாகப் பிரித்தால் 12.5 கோடிக் கட்டங்கள் வரும். ஒலி ஒரு கட்டத்தைத் தாண்டும் நேரத்துக்குள் ஒருமுறையேனும் அத்தனை கட்டங்களையும் கணக்கிட வேண்டும். ஆகவே குமிழி வாழும் ஒரு வினாடிக்கு 15,000 முறை. அதிர்ச்சி அலையின் கூரிய முகத்தைப் பிடிக்கப் பத்து சென்டிமீட்டர் போதாது. கட்டத்தின் பக்கத்தைப் பாதியாக்கினால் கட்டங்கள் எட்டு மடங்கு, தடவைகள் இரு மடங்கு, ஆக வேலை 16 மடங்கு. ஒரு சென்டிமீட்டராக்கினால் 10,000 மடங்கு! இதற்கிடையே கப்பலின் தகடும் வளைகிறது. வளைந்த தகடு குமிழியின் போக்கை மாற்றுகிறது. மாறிய குமிழி தகட்டை வேறுவிதமாக வளைக்கிறது. இரண்டையும் சேர்த்தே நடத்த வேண்டும். ஒன்றை முடித்துவிட்டு மற்றதைத் தொடங்க இயலாது.

இங்கேதான் கடலில்லாத பெங்களூரின் பங்கு வருகிறது. 1959-இல் தோன்றிய தேசிய வானூர்தி ஆய்வகம், பாய்பொருள்களின் கணக்குகளுக்கென்றே 1986-ஆம் ஆண்டில் 'ப்ளோசால்வர்' என்ற கணிப்பொறியைக் கட்டிற்று. பல கணிப்பிகள் ஒரே நேரத்தில் வேலையைப் பங்கிட்டுச் செய்யும் யந்திரங்களில் நம் நாட்டில் அதுவே முன்னோடி. காற்றும் நீரும் கணக்குக்கு நெருங்கிய உறவினர். விமானத்துக்காகப் பழகிய கை கடலுக்கும் உதவும். விஞ்ஞானக் கழகத்தில் பேராசிரியர் விஜய் அரகேரி, நீரோட்டத்தில் குமிழிகள் தோன்றி நசுங்குவதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். அதே கழகத்தில் 2022-ஆம் ஆண்டு நிறுவப்பட்ட 'பரம் பிரவேகா' என்ற கணிப்பொறியின் உச்ச வேகம் 3.3 பெட்டாப்ளாப், அதாவது வினாடிக்கு 3,300 லட்சம் கோடிக் கணக்குகள். மேலே சொன்ன கட்டக் கணக்குக்கு வேண்டிய யந்திரம் இத்தகையதே. மல்லேசுவரம் பக்கம் போகும்போது மரங்கள் அடர்ந்த அந்த வளாகத்தைக் கடக்கும் அன்பர்கள் இதை நினைத்துக்கொள்ளலாம்.

கணக்கு எவ்வளவு நுணுக்கமானாலும் கடலில் ஒருமுறை சோதித்துப் பார்க்காமல் மாலுமியின் உயிரை அதனிடம் ஒப்படைக்க முடியாது. அமெரிக்கர்கள் 2021-ஆம் ஆண்டு தங்கள் புதிய விமானந்தாங்கியான 'ஜெரால்டு போர்டு' கப்பலின் அருகே, ஒவ்வொரு முறையும் 40,000 பவுண்டு வெடிமருந்தாக, மூன்று முறை வெடித்துப் பார்த்தார்கள். கப்பல் முறியாத தூரத்தில்தான் வெடிப்பார்கள் என்பதை மறக்கக் கூடாது. முறியும் தூரத்தில் என்ன நடக்கும் என்பதைப் புதுக் கப்பலை வைத்துச் சோதிக்க எந்த நாட்டுச் சர்க்காருக்கும் மனம் வராது. தொட்டியில் சிறு குமிழி உண்டாக்கிப் பார்க்கலாம் என்றால், சிறு குமிழி கண் இமைப்பதற்குள் மறைந்துவிடுவதால் மிதப்பு விசை அதில் வேலை செய்ய நேரமில்லை. பெரிய குமிழியிலோ அது முக்கியம். அளவு மாறினால் குணமும் மாறிவிடுகிறது. நம் நாட்டில் விசாகப்பட்டினத்துக் கப்பற்படை விஞ்ஞான ஆய்வுக்கூடம் உருவாக்கிய கடலடிக் கண்ணிவெடியை, 2025-ஆம் ஆண்டு மே மாதத்தில், குறைந்த வெடிமருந்துடன் கடலில் வெடித்துச் சோதித்தார்கள். குறைந்த மருந்தில் கண்டதிலிருந்து முழு மருந்தின் விளைவை மதிப்பிட வேண்டுமானால் மறுபடியும் குமிழிக் கணக்கையே நாட வேண்டியிருக்கிறது.

குமிழியைக் கொலைகாரன் என்று மட்டும் நினைத்துவிட வேண்டாம். சிறுநீரகக் கல்லைக் கத்தி வைக்காமல் உடைக்கும் சிகிச்சை நம் ஊர் மருத்துவமனைகளில் இன்று சாதாரணம். முதன்முதலில் 1980-ஆம் ஆண்டு ஜெர்மனியின் மூனிக் நகரில் அது நோயாளி ஒருவருக்குச் செய்யப்பட்டது. உடலுக்கு வெளியிலிருந்து அனுப்பும் அதிர்ச்சி அலை கல்லைத் தாக்குவதோடு, கல்லின் அருகே நுண்குமிழிகளையும் உண்டாக்குகிறது. அவை நசுங்கும்போது பாயும் தாரைகளும் கல்லை அரிக்கின்றன. கப்பலுக்குப் போட்ட அதே கணக்கு, சில எண்களை மாற்றினால், இங்கும் செல்லும். கல்லைத் தாக்கும் குமிழி பக்கத்துச் சதையைப் புண்ணாக்காதிருக்க வேண்டுமென்பதே அங்கே மருத்துவர்களின் கவலை.

இத்துறையில் இறங்க விரும்பும் நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு குறிப்பு. கணிதமும் பௌதிகமும் நன்றாகப் படித்திருக்க வேண்டும். கப்பற் கட்டுமானம் படிக்கச் சென்னை ஐ.ஐ.டி.யில் கடற்பொறியியல் துறை இருக்கிறது. கொச்சிப் பல்கலைக்கழகத்தில் கப்பல் தொழில்நுட்பத் துறை இருக்கிறது. கணக்குப் பக்கம் நாட்டமுள்ளவர்கள் வெளியூர் போக வேண்டியதில்லை. விஞ்ஞானக் கழகத்தின் இயந்திரப் பொறியியல், வானூர்திப் பொறியியல், கணிப்பு மற்றும் தரவு விஞ்ஞானம் ஆகிய மூன்று துறைகளிலும் பாய்பொருட் கணக்குக்கு இடமுண்டு. வளையமான குமிழி இரண்டாம் முறை நசுங்கி நுரையாகச் சிதறுவதைக் கணக்கில் சரியாகப் பிடிப்பது இன்னும் கடினமாகவே இருந்துவருகிறது. அந்த வேலை வருகிறவர்களுக்காகக் காத்திருக்கிறது.